சிட்னியில் புறப்பட்ட காற்று

முதல் மிஷினை ஒரே ஒரு ராத்திரிக்காகத்தான் செய்தார்கள். 1980 ஜூன் மாதம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனை. கட்டட வேலை பார்க்கும் ஒரு நோயாளி. கண் அயர்ந்ததும் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், மூச்சு நிற்கும், கொஞ்ச நேரத்தில் பெரிய சத்தத்தோடு திரும்பும், மறுபடியும் நிற்கும். விடிய விடிய இதே பாடு. பகலில் உட்கார்ந்த இடத்தில் உறங்கிவிடுவார். அந்தக் காலத்தில் இதற்கு உருப்படியான வைத்தியம் ஒன்றுதான் இருந்தது: கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை இறக்கிவிடுவார்கள். பகலில் அதை மூடி வைத்துக்கொள்ளலாம், ராத்திரி திறந்துவிட வேண்டும், காலமெல்லாம். அந்த மனிதர் கழுத்தில் கத்தி வைக்கச் சம்மதிக்கவில்லை.

அவரைக் கவனித்த டாக்டர் காலின் சல்லிவன், அதற்கு முன்பு கனடாவின் டொரன்டோ நகரில் எலியட் ஃபிலிப்சனோடு சேர்ந்து நாய்களின் உறக்கத்தை ஆராய்ந்தவர். உறங்கும் நாய்க்கு மூச்சு எப்படி ஓடுகிறது என்று பார்க்க, நாயின் மூஞ்சிக்கு ஏற்றபடி முகமூடி செய்து பழகியவர். மூக்கு வழியாகக் காற்றைச் சற்று அழுத்தத்தோடு விட்டால் தொண்டை அடைக்காமல் நிற்குமா என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஒரு ராத்திரி மட்டும் பார்க்கலாம் என்று நோயாளியிடம் கேட்டார். அவரும் சரி என்றார்.

தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டார் ஒன்று கிடைத்தது. உறிஞ்சும் பக்கத்தை விட்டுவிட்டு, காற்று வெளியேறும் பக்கத்தில் பிளாஸ்டிக் குழாயை மாட்டினார்கள். மறுமுனையில் மூக்குக்கு ஒரு மூடி. நோயாளி உறங்கினார், வழக்கம்போல மூச்சு அடைத்தது. அழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் திணறல் சட்டென்று நின்றது, மூச்சு சீராக ஓடத் தொடங்கியது. பல வருடங்களாகக் கிடைக்காத ஆழ்ந்த உறக்கத்துக்குள் அந்த ஆள் உடனே போய்விட்டார். காலையில் எழுந்தபோது முகம் தெளிவாக இருந்தது. அடுத்த வருடம், 1981 ஏப்ரலில், ஐந்து நோயாளிகளைப் பற்றிய சிறு கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்கக் கட்டில் பக்கத்தில் இருக்கும் 'சிபாப்' மிஷின்களுக்கெல்லாம் அதுதான் பிறப்புச் சான்றிதழ்.

அந்தக் காற்று செய்கிற வேலையில் மருந்து, மாயம் ஒன்றும் கிடையாது. கூடுதல் ஆக்ஸிஜனும் இல்லை, அறையில் உள்ள அதே காற்றுதான். விழித்திருக்கும்போது தொண்டையின் தசைகள் வழியைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன. உறங்கியதும் அவை தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடியும் உள்நாக்கைச் சுற்றிய மென்சதையும் சரிந்து வழியை மூடிவிடும். தாமிரபரணிக் கரையில் தார் கனத்த வாழைக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுப்பார்களே, அந்த முட்டைத்தான் காற்று கொடுக்கிறது. கம்பை எடுத்தால் வாழை சாயும். மிஷினைக் கழற்றினால் அன்று ராத்திரியே அடைப்பு திரும்பிவிடும். நோயைக் குணமாக்கும் பொருள் அல்ல இது. தினமும் முட்டுக் கொடுக்கும் பொருள். இதைக் கடைக்காரர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அழுத்தத்தை அளப்பது நீரின் உயரத்தைக் கொண்டு. பெரும்பாலான மிஷின்கள் 4 முதல் 20 செ.மீ. நீர் வரைக்கும் அழுத்தம் தரும். பலருக்கு 10-க்கு அக்கம்பக்கத்தில் போதும். நம் தலைக்கு மேலே எப்போதும் கிடக்கிற காற்றின் அழுத்தம் சுமார் 1,033 செ.மீ. நீர். அதோடு நூற்றில் ஒரு பங்கு சேர்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு பங்கைக் கண்டுபிடிக்க 1980 வரைக்கும் ஆகியிருக்கிறது.

நோயைப் பார்த்தவர்கள் அதற்கு முன்பு இல்லாமல் இல்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-இல் எழுதத் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில், நின்றபடியே குறட்டை விடும் ஒரு குண்டுப் பையன் வருகிறான். 1956-இல் அமெரிக்க டாக்டர்கள் சிலர் அவன் பேராலேயே ஒரு நோய்க்குப் 'பிக்விக்கியன்' என்று பெயர் வைத்தார்கள். 1965-இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே, உறக்கத்தில் மூச்சு நிற்பதை வரைபடத்தில் பதிவு செய்தார்கள். நம்மிடமோ இன்னும் பழைய பாத்திரம்: கும்பகர்ணன். குறட்டை விட்டால் கவலை இல்லாத மனுசன், பகலில் உறங்கினால் சோம்பேறி. ஒரே ஆளுக்கு இரண்டு பட்டமும் கொடுத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு நோய் இருக்கலாம் என்று யோசிக்காமல் விட்டோம்.

முதல் சில வருடங்கள் மிஷினுக்குப் பெரிய கஷ்டகாலம். ஒவ்வொரு நோயாளியின் மூக்கையும் அச்செடுத்து, தனியாக முகமூடி வார்க்க வேண்டும். காற்று கசியாமல் இருக்க அதை ராத்திரிதோறும் சிலிக்கோன் பசையால் முகத்தில் ஒட்டி, காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். மோட்டார் போட்ட சத்தத்தில் குறட்டையே தேவலை. பசை பூசிய முகத்தோடும் இரைச்சலோடும் உறங்கச் சம்மதித்தார்கள் என்றால், மிஷின் இல்லாத ராத்திரிகள் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம் 1985-இல் கடையில் விற்கும் மிஷினைக் கொண்டுவந்தது. சல்லிவனின் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு சிட்னியில் பீட்டர் ஃபாரல் 1989-இல் ரெஸ்கேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1995-இல் அது ரெஸ்மெட் ஆனது. பசை போய், மெத்தென்ற சிலிக்கோன் விளிம்பும் தலைப்பட்டையும் வந்தன. மூச்சைக் கவனித்துத் தானே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிஷின் வந்தது. காற்றை ஈரமாக்கித் தர ஒரு சிறு நீர்த்தொட்டியும், எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தார் என்று எழுதி வைக்கும் சிப்பும் சேர்ந்தன. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியது.

சத்தத்தை அடக்கப்போய் வந்த வினையையும் சொல்ல வேண்டும். மோட்டார் இரைச்சலைக் குறைக்க பல மிஷின்களுக்குள் நுரைப்பஞ்சு வைத்தார்கள். ரெஸ்பிரானிக்ஸை 2008-இல் வாங்கியிருந்த ஃபிலிப்ஸ் நிறுவனம், 2021 ஜூன் மாதம் தன் மிஷின்களை லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது. அந்தப் பஞ்சு நைந்து, துகள்களும் வாயுவும் மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்பதுதான் காரணம். மூச்சுக்காக வாங்கிய பொருளை மூச்சுக்குப் பயந்து நிறுத்துவதா, நிறுத்தாமல் இருப்பதா என்று உலகமெங்கும் நோயாளிகள் திண்டாடினார்கள். கொரோனா காலம் வேறு, மாற்று மிஷினுக்கும் தட்டுப்பாடு. இன்றைக்கு யாராவது பழைய மிஷின் விலை மலிவாக வருகிறது என்றால், மாடல் நம்பரைப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கதை போதும்.

இந்தியாவுக்கு மிஷின் வந்து சேருவதற்கு முன்னால், இங்கே இந்த நோய் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 'அது குண்டான வெள்ளைக்காரர்களின் வியாதி' என்ற எண்ணம் டாக்டர்களிடமே இருந்தது. மும்பை ஹிந்துஜா மருத்துவமனையில் சரீர் உத்வாடியாவும் உடனிருந்தவர்களும் செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. அவர்கள் நோயாளிகளைத் தேடிப் போகவில்லை. வழக்கமான ஹெல்த் செக்கப்புக்கு வந்த 35 முதல் 65 வயதுள்ள ஆண்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதாவது தமக்கு ஒன்றுமில்லை என்று காகிதத்தில் எழுதி வாங்க வந்தவர்கள். அவர்களில் 7.5 சதவீதம் பேருக்கு, பகல் உறக்கத்தோடு கூடிய மூச்சுத்தடை இருந்தது. உறக்கத்தில் மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் என்று பொதுவாகக் கணக்கிட்டால் 19.5 சதவீதம். டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் நாட்டில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் போட்ட கணக்கு, இந்தியாவில் சுமார் 10.4 கோடிப் பேர் என்கிறது. நம் ஆட்களுக்குத் தொந்தி மட்டும் காரணம் இல்லை. தாடை சிறுத்து, வாய்க்குள் நாக்குக்கு இடம் போதாமல் இருந்தாலும் அடைக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும். டான்சில் வீங்கிய குழந்தைகளுக்கும் வரும்.

இந்த நோயின் பேர் பரவியது ஆய்வால் அல்ல. 2022 பிப்ரவரியில் இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது, காரணங்களில் ஒன்றாக மருத்துவமனை 'ஸ்லீப் ஆப்னியா'வைச் சொன்னது. அடுத்த நாள் டீக்கடை வரைக்கும் அந்தப் பேர் வந்துவிட்டது.

மிஷினின் பயணத்தில் கடல் தாண்டிய பகுதி சீக்கிரம் முடிகிற பகுதி. சிட்னியிலோ சிங்கப்பூரிலோ உள்ள தொழிற்சாலையில் புறப்பட்டு, சென்னையில் ஏஜென்ட் கைக்கு வந்து, அங்கிருந்து ராத்திரி ஆம்னி பஸ்ஸில் பார்சலாக ஏறினால் விடியும்போது வண்ணார்பேட்டை. ஊர் தெரியாதவர்களுக்காக: திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து ஆற்றைத் தாண்டினால் பாளையங்கோட்டைப் பக்கம் வரும் இடம். 1843-இல் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலத்துக்கு இந்தப்புறம். ஆற்றங்கரையில் பேராச்சியம்மன், சாலையோரத்தில் ஆஸ்பத்திரிகள். தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளை, சாத்தான்குளம் என்று எங்கிருந்து ஸ்கேன் கவரோடு வந்தாலும் பெரும்பாலும் இந்தப் புறவழிச்சாலையில் ஒரு தடவை இறங்கியாக வேண்டும். ஆஸ்பத்திரி வந்தால் மருந்துக்கடை வரும். மருந்துக்கடைக்குப் பின்னால் வாக்கர், வீல்சேர், ஆக்ஸிஜன் மிஷின் விற்கும் கடை வரும். சிபாப் பெட்டி வந்து இறங்குவது அந்தக் கடையில்.

எங்கள் தாய்மாமா வீட்டுக்கு ஒன்று அப்படித்தான் வந்தது. மாமா லாரி டிரைவர். ஆற்றுப் பாசன ஊர்களில் வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போய்வருவார். அந்தப் பிழைப்பைப் பற்றி அவரிடம் கேட்டால் ஒரு சம்பவம் சொல்லுவார், சிரித்துக்கொண்டே சொல்லுவார்: "பணகுடி தாண்டினது தெரியும். ஆரல்வாய்மொழி வந்தது தெரியும். நடுவுல வண்டிய ஓட்டுனது ஆருன்னுதான் தெரியல." கேட்டவர்களும் சிரித்திருக்கிறார்கள். காற்றாலை வரிசையாக நிற்கும் அந்தச் சாலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது. இந்த நோய்க்கு வைத்தியம் செய்துகொள்ளாத டிரைவர்களுக்கு விபத்து வாய்ப்பு மற்றவர்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். நம் டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பத்தின் உடல்நல உறுதிமொழியில் வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டா, தலைசுற்றல் உண்டா என்று கேட்கிறார்கள். குறட்டையைப் பற்றியோ பகல் உறக்கத்தைப் பற்றியோ ஒரு வரி கிடையாது.

மாமாவுக்குப் பிரஷர் மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் அளவு இறங்கவில்லை. ராத்திரி நாலைந்து தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பார். அதைச் சுகர் என்று அவரே முடிவுகட்டி வைத்திருந்தார். காலையில் தலை கனம். இவை மூன்றும் ஒரே வாசலைக் காட்டுகின்றன என்று சொன்னவர் ஒரு சின்ன வயது டாக்டர். அவர் மாமாவிடம் கேட்ட கேள்விகளைவிட, கூட வந்த அத்தையிடம் கேட்டவைதான் அதிகம்.

"எப்படிம்மா உறங்குதாங்க?"

"அவிய நல்லாத்தான் உறங்குதாவ. எனக்குத்தான் உறக்கம் கிடையாது."

"நடுவுல மூச்சு நிக்குதா?"

"நிக்கும். நான் எண்ணுவேன். இருபது, முப்பதுகூட எண்ணியிருக்கேன். பொறவு ஒரு உலுக்கு உலுக்கி வரும்."

வருடக்கணக்காக எண்ணியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. மாமாவிடம் சொன்னபோது, 'பேசாம படு' என்று பதில் வந்திருக்கிறது. இந்த நோயின் விசித்திரம் இதுதான். ராத்திரியில் நூற்றுக்கணக்கான தடவை மூளை விழித்துத் தொண்டையைத் திறக்கிறது. ஆனால் ஒவ்வொரு விழிப்பும் சில நொடிகள்தான், காலையில் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. நோயாளிக்குத் தன் நோயைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை. சாட்சி பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறது. டொரன்டோவின் பிரான்சிஸ் சங் என்ற மயக்கவியல் டாக்டர் 2008-இல் வெளியிட்ட, இன்று உலகமெங்கும் பயன்படுகிற எட்டுக் கேள்விப் பட்டியலிலும் ஒரு கேள்வி இதுதான்: உறக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? மற்றவை குறட்டை, பகல் களைப்பு, பிரஷர், உடல் எடை, 50-க்கு மேல் வயது, 40 செ.மீ.க்கு மேல் கழுத்துச் சுற்று, ஆணா என்பது. சட்டை தைக்கிற டெய்லரின் டேப்பும் கூடப்படுக்கிற ஆளின் வாக்குமூலமும் இருந்தால் முதல்கட்டச் சோதனை முடிந்தது. செலவு பைசா இல்லை.

நாமோ ஹெல்த் செக்கப் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து, அறுபது எழுபது ரத்தப் பரிசோதனைகளை ஒரே பேக்கேஜில் எடுத்துக்கொண்டு, புருஷன் மட்டும் வெறும் வயிற்றில் தனியாகப் போய் வருகிறோம். இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டால் வெளியே வரும் விஷயம், அத்தனை காகிதத்திலும் வராது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், எங்கள் தெருவிலும் ஓடுகிறது. சாட்சி இருக்கிற இடத்துக்கே வருகிறவர்கள் அவர்கள். பிரஷர் பட்டையைக் கையில் சுற்றும் அந்த ஒரு நிமிடத்தில் அடுப்படியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்பது என் கட்சி.

மாமா சோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். தலையில் ஒயர் ஒட்டி மூளையின் அலைகளையும் பார்க்கும் முழுச் சோதனை சிலருக்குத்தான் தேவை. மாமாவுக்கு வீட்டிலேயே 'ஸ்லீப் ஸ்டடி'. ஒரு பையன் ராத்திரி பைக்கில் வந்தான். மூக்கில் சிறு குழாய், மார்பில் பட்டை, விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப். "அண்ணாச்சி, காலையில நான் வந்துதான் அவுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மாமா, 'இதை மாட்டிக்கிட்டு ஆருக்கு உறக்கம் வரும்' என்று சொல்லி முடிப்பதற்குள் உறங்கிவிட்டார். பத்து நொடிக்கு மேல் மூச்சு நிற்பதையும் குறைவதையும் கூட்டி, மணிக்கு எத்தனை என்று கணக்குப் போடுகிறார்கள். 5-க்குக் கீழே சாதாரணம், 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேலே கடுமை. மாமா அதற்கும் மேலே இருந்தார்.

மிஷினின் விலை 40,000 ரூபாய்ச் சுற்றுவட்டாரம். முகமூடி தனி. ஆனால் பணம் கட்டியது பெரிய தடையாக இல்லை. கடையிலிருந்து வீட்டுக்கு ஆட்டோவில் கொஞ்ச நேரம். வீட்டுக்குள் பீரோவிலிருந்து கட்டிலுக்குப் பத்தடி. அந்தப் பத்தடிக்கு மாதக்கணக்கானது.

முதலில் மீசை. திருநெல்வேலி மீசையை மனதில் வைத்து யாரும் சிட்னியில் முகமூடி வடிவமைக்கவில்லை. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி மீசை மேட்டில் உட்காராமல் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. மீசையை எடுக்கச் சொன்னபோது மாமா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு மூக்குத் துவாரத்துக்கு மட்டும் வைக்கும் சின்ன மூடி மாற்றினார்கள். அடுத்தது தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்: படுக்கும் முன் முகம் கழுவாவிட்டால் சிலிக்கோன் வழுக்கும், சீக்கிரம் பாழாகும். நீர்த்தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும் என்றதும், மாமா லாரி பேட்டரிக்கு ஊற்றும் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது இல்லை, மருந்துக்கடையில் வாங்குவது என்று விளங்கவைக்க ஒரு பஞ்சாயத்து. ஆற்றுத் தண்ணீரைவிட ஒசந்த தண்ணி எது என்று கேட்டார். வழக்கு அவர் பக்கம் கொஞ்சம் நியாயமாகத்தான் இருந்தது, ஆனால் உப்பு படிவது மிஷினுக்கு ஆகாது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், 'என்ன, ஐ.சி.யூ. மாதிரி வச்சிருக்கிய?' என்று கேட்டுவிட்டுப் போனதில் இரண்டு வாரம் மிஷின் பீரோவுக்குள் போய்விட்டது.

திரும்ப எடுத்தவர் அத்தை. தனக்காகத்தான் எடுத்தார், அதை மறைக்கவும் இல்லை. "நான் உறங்கணும்" என்றார். ராத்திரி முழுக்க வேண்டாம், டி.வி. பார்க்கும்போது ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்காருங்கள் என்று கடைப் பையன் சொல்லிக்கொடுத்த வழிதான் கடைசியில் வேலை செய்தது. சீரியல் முடியும்போது மாமா மிஷினோடு உறங்கியிருப்பார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளும் கலெக்டர் ஆபீஸ் பக்கமும் வண்ணார்பேட்டையின் தாழ்வான தெருக்களிலும் ஏறியது. மாமா வீட்டில் மாடிக்குப் போன பொருள்கள்: கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பத்திரப் பை, மிஷின். கரண்ட் இல்லை. இன்வர்ட்டர் முதல் ராத்திரி தாங்கியது. நீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட்டால் மிஷின் குறைந்த கரண்டில் ஓடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டாம் ராத்திரி அதுவும் போனது. மாமா ஒருக்களித்துப் படுத்தார், தலையணையை உயர்த்தி வைத்தார். டாக்டர் சொல்லிவைத்த மாற்று ஏற்பாடு. அத்தை பழையபடி எண்ணிக்கொண்டு கிடந்தார். வாழைக்கு முட்டு எடுத்தாற்போலத்தான், பழைய அடைப்பு அப்படியே வந்துவிட்டது.

இந்த மிஷின் மாரடைப்பைத் தடுக்கும், பக்கவாதத்தைத் தடுக்கும் என்று நோட்டீஸ் அடிக்கிறவர்களை நம்ப வேண்டாம். ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரை வைத்து, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்த 'சேவ்' ஆய்வின் முடிவு 2016-இல் வந்தது. மிஷின் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதக் கணக்கில் வித்தியாசம் இல்லை. குறட்டையும் பகல் உறக்கமும் குறைந்தன, மனநிலை தேறியது. ஆனால் அந்த ஆய்வில் சராசரியாக ஒருவர் மிஷினை மாட்டியிருந்தது ராத்திரிக்கு 3.3 மணி நேரம். இன்னும் அதிக நேரம் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற வாதம் ஓயவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தோன்றவில்லை. விழித்த கண்ணோடு லாரி ஓட்டுவது என்பதே ஒரு மனிதருக்கும் எதிரே வருகிறவர்களுக்கும் போதுமான பலன். எடை குறைந்தால் அடைப்பு குறையும் என்பதிலும் சந்தேகமில்லை. உடல் பருமனும் இந்த நோயும் சேர்ந்தவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. அந்த மருந்து இங்கேயும் விற்பனைக்கு வந்துவிட்டது, விலைதான் மாதச் சம்பளக்காரனை மலைக்க வைக்கிறது. பரோட்டா சால்னாவை விடச் சொல்லி மாமாவிடம் பேசுவது அதைவிடக் கடினம்.

ஒரு மிஷின் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐந்தாறு வருடம் உழைக்கும். பிறகு இரண்டாம் சந்தை. வாங்கி ஒரு மாதம் மாட்டிவிட்டுக் கழற்றியவர்களின் மிஷின்கள், இறந்துபோனவர்களின் மிஷின்கள், ஆன்லைனில் போட்டோவோடு வரும். உள்ளே முந்தைய ஆளின் அழுத்தக் கணக்கு அப்படியே இருக்கும். ஒருவரின் கண்ணாடியை இன்னொருவர் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் இதைச் செய்கிறார்கள். வாங்கினாலும், மிஷினைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி அழுத்தத்தை மாற்றி, குழாயும் முகமூடியும் பில்டரும் புதிதாக வாங்க வேண்டும் என்று அந்தக் கடைப் பையன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். அவனுக்கு வியாபாரம் கெடும் பேச்சு அது.

மாமாவின் மிஷின் இப்போதைக்கு எங்கும் போகப்போவதில்லை. சிப்பில் ராத்திரிக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் காட்டுகிறது. பிரஷர் மாத்திரை மூன்றில் ஒன்று குறைந்திருக்கிறது. இந்தப் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த மாமா மகன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடுக்கூடத்தில் படுத்து உறங்கினான். தாடை அப்படியே அப்பாவுடையது, தொந்தி இல்லை. அத்தை அடுப்படியிலிருந்து மருமகளைப் பார்த்தார்.

"ராத்திரி எப்படிம்மா?"

"நிக்குது அத்தை. இவங்ககிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்காங்க."

ஸ்லீப் ஸ்டடி பையன் மறுநாள் ராத்திரியே அதே பையோடு வந்தான். மாட்டுப்பொங்கல் என்பதால் கொஞ்சம் நேரமாகியிருந்தது.